வழியில் பிறந்த பதினோரு பிள்ளைகள்

எடுக்கவில்லை, ஆமாம். நான்கு ஞாயிறாக நீ அழைத்த ஒவ்வொரு முறையும் போன் என் மடியில்தான் இருந்தது. அது நடுங்கி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். டவர் இல்லை, சார்ஜ் இல்லை என்று உன் சித்தி உன்னிடம் சொன்னதெல்லாம் நான் சொல்லிக்கொடுத்தது. அவளுக்குப் பொய் சொல்ல வராது. மூன்றாவது வாரம் இரண்டையும் சேர்த்தே சொல்லிவிட்டாளாம்.

அன்புள்ள தியாமிக்கே, உடம்பைப் பொறுத்தவரை நான் நலம். நீயும் அந்த ஸ்காட்லாந்துக் குளிரில் உடம்பைப் பொறுத்தவரையாவது நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே சித்திக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஏரி இந்த வருஷமும் பின்வாங்கிவிட்டது, உன் மாமா படகைக் கவிழ்த்துப்போட்டு அதன் முதுகில் மரவள்ளி காயவைக்கிறார், சந்தையில் மீன் கண்ணில் படுவதே இல்லை, நிசிமாக் களியும் கீரையுமாக நாள் ஓடுகிறது. வயலில் மண் மேடு கட்டும் வேலை பாதி முடிந்திருக்கிறது. மழைக்கு இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள். மழைக்கு முன் என்பதுதான் இப்போது எனக்கு எல்லாம், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இதைப் போனில் சொல்ல முடியாது. போனில் நீ இடையில் பேசுவாய். அழுவாய். நான் உன்னைத் தேற்றத் தொடங்கிவிடுவேன். இந்த முறை தேற்ற விருப்பமில்லை.

நீ மறந்துவிட்டாய் என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து எழுதுகிறேன். ஊர் என்னை இரகசியத் தாயாகத் தேர்ந்தெடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஒருத்தி வயிற்றில் பிள்ளை தங்கியதை ஊர் வாயில் போடமாட்டாள், என் காதில் மட்டும் போடுவாள், நான் அவளைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போவேன். வேலை அவ்வளவுதான். காது இருக்க வேண்டும், வாய் இருக்கக் கூடாது. பிறகு ஊர்த் தலைவி கட்டுப்பாடு போட்டாள், வீட்டில் பெற்றால் ஓர் ஆடு தண்டம் என்று. நல்லதற்குப் போட்டதுதான், நானும் கை தூக்கினேன், அதற்கு முன் வருஷத்துக்கு ஒருத்தியாவது வீட்டிலேயே செத்துக்கொண்டிருந்தாள். ஆனால் அதில் ஒரு வாசகம் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வழியில் பிறந்துவிட்டால் குற்றமில்லை. பிறகு புயல் வந்தது. பாலம் போனது. ஆஸ்பத்திரிக்குப் பதினாலு கிலோமீட்டர், நடுவில் ஆறு. எட்டாம் மாதமே போய் அங்கே காத்திருப்பு வீட்டில் தங்கலாம். தங்கினால் இங்கே மற்றப் பிள்ளைகளுக்கு யார் சமைப்பது, வயலை யார் கொத்துவது. அதனால் வலி எடுத்த பிறகு புறப்பட்டார்கள். புறப்பட்டார்கள் என்பது பொய்யில்லை, விரிப்பு, பேசின், பிளேடு, துணி எல்லாம் தலையில் இருக்கும். ஆற்றுக்கு முன்னால் பாதை பிரியும் இடத்தில் மாமரம். அங்கே உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கவில்லை. முதல் பிள்ளை உண்மையாகவே வழியில் பிறந்தது. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவதிலிருந்து அது ஓர் இடம்.

நான் கூடப் போனேன். போகாமல் என்ன செய்வது. சுகாதார நிலையத்தில் சிஸ்டர் சிம்வாலாவிடம் ஒரு நாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு பெட்டி கையுறை, புது பிளேடுகள், ரத்தத்தை நிறுத்தும் மாத்திரை, எல்லாவற்றையும் என் பக்கம் தள்ளினாள். “நான் எதுவும் குடுக்கல, நீங்க எதுவும் வாங்கல. ஆனா ஒண்ணு. வயித்துல ஏற்கெனவே கத்தி பட்டவ, ரெட்டைப்பிள்ளைக்காரி, முதப்பிள்ளைக்காரி, இவளுங்கள்ல யாரையாவது அந்த மரத்தடியில உக்கார வச்சீங்கன்னு கேள்விப்பட்டேன், நானே கோடாலி எடுத்துட்டு வருவேன்” என்றாள். அப்படிப்பட்டவர்களை நாள் நெருங்கும் முன்பே மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்பினேன், கெஞ்சியோ மிரட்டியோ. மிச்சம் பதினோரு பேர். பதினோரு பிள்ளைகளும் பிறந்ததும் அழுதன. தாய் ஒருத்தியும் சாகவில்லை. இது சரியான ஏற்பாடு என்று நான் சொல்லவில்லை. ஒழுகுகிற கூரைக்கு அடியில் சட்டி வைப்பது மாதிரி. ஆனால் சட்டி இருந்தது.

போன வருஷம் ஜூனில் நீ வந்தாய். வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம், நீ, நான், உன் தோழி எனெலெசி. எனெலெசி உரித்ததில் பாதி அவள் வாய்க்குள் போனது. நீ சும்மா கேட்பது போலக் கேட்டாய், நம் ஊர் நமிசுவில் வீட்டுப் பிரசவமே இல்லை என்று மாவட்டத்தில் பெருமையாகச் சொல்கிறார்களே, பாலம் இல்லாமல் எப்படி என்று. எனெலெசி என்னைப் பார்த்துக் கண்ணால் வேண்டாம் என்றாள். நான் பார்த்தேன். பார்த்தும் சொன்னேன். கேட்டது என் மகள். “வீட்ல பெத்தா ஆடு நடந்து தலைவி வீட்டுக்குப் போவும். ஆஸ்பத்திரிக்கு நம்மளால நடக்க முடியாது. அதான் நமக்கும் ஆட்டுக்கும் பொதுவா ஒரு மாமரம்” என்றேன். நீ சிரித்தாய். எனெலெசியும் சிரித்துவிட்டாள். உன் போன் கடலைத் தோலுக்குள் கவிழ்ந்து கிடந்தது. தூசு போய்க் கெட்டுவிடப் போகிறதே என்று நான்தான் எடுத்து, ஊதி, என் துணியால் துடைத்து, உன் பக்கத்தில் வைத்தேன். அது கேட்டுக்கொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த இடத்துக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறேன். துடைத்ததற்கு. மற்றதெல்லாம் வயலில் வேலை செய்யும்போது மறக்கிறது, துடைத்தது மறப்பதில்லை.

மார்ச்சில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் கூட்டினார்கள். மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி, ஜெனரேட்டர், சுவரில் வெள்ளைத் துணி. நல்ல மனிதர்தான், எல்லாருக்கும் சோடா கொண்டுவந்திருந்தார். துணியில் நம் மாமரம் வந்தது, ஆள் உயரத்துக்கு. அடியில் கவிழ்த்து வைத்த என் நீலப் பேசின், அதன் விரிசலில் நான் பூசிய தார்கூடத் தெரிந்தது. நீ இங்கிருந்து திரும்பிப் போன அன்று காலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வருகிறேன் என்று போனாயே, அங்கேதானா. நீ ஸ்காட்லாந்தில் எழுதிய அறிக்கையிலிருந்து அவர் நம் மொழியில் வாசித்தார். ஊர்ப் பெயர் இல்லை. ஆள் பெயர் இல்லை. ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் நாற்பத்தாறு வயது இரகசியத் தாய் ஒருவர் கூறியது, என்று தொடங்கி, ஆடு, தலைவி வீடு, பொது மாமரம். எல்லாரும் முதலில் சிரித்தார்கள். பிறகு அந்தப் பேச்சு யாருடைய வாய் என்று அடையாளம் தெரிந்தது. சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக நின்றது. போதாததற்கு அவர் முதல் பக்கத்தையும் வாசித்தார். ‘என்னை நம்பிப் பேசிய என் தாய்க்கு’ என்று போட்டிருக்கிறாய். நன்றி சொல்லியிருக்கிறாயாம்.

தலைவி எழுந்தாள். வீட்டுப் பிரசவமே இல்லாத ஊர் என்று அவளுக்குச் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள், கண்ணாடி போட்டு வாசலில் மாட்டியிருந்தாள், உனக்குத் தெரியும். “ஆட்டுக்கு மரத்தைக் காட்டினவ நீதானா, தியாமிக்கே அம்மா? ரெண்டு வருஷமா தினம் காலைல அந்தக் கண்ணாடிய முந்தானையால துடைக்கறேன். நீங்க எல்லாரும் போகும்போதும் வரும்போதும் பாத்துச் சிரிச்சிருக்கீங்க” என்றாள். கோபத்தைவிட அதில் அவமானம் இருந்தது. எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை, அவளும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தது போல இருந்தது. அடுத்த வாரம் கட்டுப்பாடு மாறியது. இனி வழியில் பிறந்தாலும் வீட்டில் பிறந்த கணக்கு. தாய் ஓர் ஆடு, கூட இருந்தவள் ஓர் ஆடு. சிஸ்டர் சிம்வாலாவை வடக்கே மாற்றினார்கள். அவள் லாரியில் கோழிக்கூடையை ஏற்றிக்கொண்டிருந்தபோது போய் நின்றேன், திட்டட்டும் என்று. “உங்க பொண்ணு நல்லா எழுதறா” என்றாள். கூடையின் கயிற்றை இறுக்கினாள். இதனால் பாலம் வரும் அம்மா என்று நீ எழுதினாய். வந்தார்கள். அளந்தார்கள். மாமரத்தில் சிவப்புச் சாயத்தால் ஓர் எண் போட்டார்கள். போனார்கள்.

அடிபம்பில் நான் போனால் பேச்சு நின்றுவிடும். “இரகசியம் வந்துடுச்சு, வாளி நெறஞ்சுடுச்சு, கிளம்புங்கடி” என்பாள் யாராவது ஒருத்தி. பாதி வாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். ஏழு மாதத்தில் ஒருத்திகூட என் காதில் எதுவும் போடவில்லை. பிள்ளைகள் தங்காமல் இல்லை. துணி கட்டும் விதத்தில், வாளியை இறக்கும் விதத்தில் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன. அவளாகச் சொல்லாமல் நான் கேட்கக் கூடாது.

எனெலெசிக்குக் காய்ச்சல் என்று உன்னிடம் சொன்னேன். ஜூலையில். இரண்டு நாள் காய்ச்சல், போய்விட்டாள் என்றேன். உன்னோடு எட்டு வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், நீ அழுதது எனக்குக் கேட்டது. காய்ச்சல் இல்லை தியாமிக்கே. பிரசவம். ஒரு முறை பாதையில் பார்த்து அவள் வயிற்றைப் பார்க்காதது போல நின்றேன். “என்ன பாக்கறீங்க, எல்லாம் உங்க வீட்டுக் கடலை” என்று சிரித்துக்கொண்டே போய்விட்டாள். வயலோரக் குடிசையில், பட்டப்பகலில், தங்கையை மட்டும் கூட வைத்துக்கொண்டு பெற்றாள். பிள்ளை அழவில்லை. ரத்தம் நிற்கவில்லை. தங்கை என்னைக் கூப்பிட எழுந்திருக்கிறாள். எனெலெசி அவள் பாவாடையைப் பிடித்து நிறுத்தினாளாம். “அவங்க வேணாண்டி. அவங்களுக்குத் தெரிஞ்சா ஸ்காட்லாந்துக்கே தெரியும்” என்றாளாம். சொல்லும்போது சிரித்தாளாம், தங்கைதான் சொன்னாள், ஊகித்து எழுதவில்லை. பயந்தது ஆட்டுக்கு. அவர்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. மாத்திரை என் தகரப்பெட்டியில் இருந்தது. அந்தக் குடிசையிலிருந்து என் வாசலுக்குப் பிறகு ஒரு நாள் நடந்து பார்த்தேன். ஒரு பாட்டுப் பாடி முடிக்கும் தூரம். பிள்ளையைப் பெண்கள் மட்டும் புதைத்தோம், வழக்கம் போல. மண்வெட்டி கைமாறி வந்தது. என்னைத் தாண்டிப் போனது. ஆட்டை எனெலெசியின் இழவுச் சோற்றுக்கு அறுத்தார்கள்.

நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும். பெயர் போடவில்லையே அம்மா. நல்லதுக்குத்தானே. இது நடப்பதை யாராவது உலகத்துக்குச் சொல்ல வேண்டாமா. வேண்டும். சிஸ்டர் போன பிறகு நானே சுவரைப் பார்த்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன், யாராவது சொல்ல வேண்டாமா என்று. ஆனால் நீ என்னிடம் கேட்கவில்லை. அம்மா, இதை எழுதலாமா என்று ஒரு கேள்வி. அந்தக் கேள்விக்கு நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்திருக்கிறேன். அவர்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்றிருப்பேன். பதினோரு வாசலுக்குப் போயிருப்பேன். சிலர் சரி என்றிருப்பார்கள். தலைவியிடமே முதலில் போயிருக்கலாம் என்று யாராவது ஒருத்திக்குத் தோன்றியிருக்கும். தோன்றாமலும் போயிருக்கலாம். நீ என்னிடமிருந்து எடுத்துப்போனது என்னுடையது இல்லை. என்னிடம் வைக்கக் கொடுத்தது. அப்படியானால் முதல் துரோகம் யாருடையது. கடலை உரிக்கும்போது வாயைத் திறந்தது யார். உன் மேல் கோபப்படும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்கிறேன், திரும்ப உன் மேலேயே கோபம் வருகிறது.

இப்போது மழைக்கு வருகிறேன். ஒருத்தி இருக்கிறாள். மலிட்டா என்று எழுதுகிறேன். எந்த வீடு என்று எழுதமாட்டேன். முதல் பிள்ளையை வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள், மூன்று வருஷம் முன்பு. இப்போது எட்டாம் மாதம். சிஸ்டர் சொன்ன கோடாலி இவளுக்காகத்தான். இவளுக்கு வலி எடுக்கும்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருக்க வேண்டும், குடிசையிலோ மரத்தடியிலோ எடுத்தால் பழைய தையல் உள்ளே பிரிந்துவிடும், பிறகு மாத்திரையாலும் ஆகாது. மழை விழுந்தால் ஆற்றில் வண்டி இறங்காது. மூன்று வாரம். போன மாதம் வழக்கத்தை மீறி நானே அவளிடம் போனேன். உரலில் இடித்துக்கொண்டிருந்தாள், நிறுத்தவில்லை. “நான் மாசமா இருக்கேனா? அப்படியா? எந்தப் பேப்பர்ல வந்துச்சு?” என்றாள். நான் நின்றேன். “நிக்காதீங்க, போட்டோ எடுக்கறீங்களோன்னு பயமா இருக்கு” என்றாள். உலக்கை ஒரு தாளம்கூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகுதான் உன் அழைப்பை எடுப்பதை நிறுத்தினேன். யோசித்தேன். ஒரு காலையில் அடிபம்பில் எல்லாரும் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். வாளிகளைத் தூக்கினார்கள். நில்லுங்கள் என்றேன். எனெலெசி வேண்டாம் என்று கண்ணால் சொல்லியும் நான்தான் சொன்னேன், என் மகள் திருடவில்லை, நான் கொடுத்தேன், அவள் கேட்காமல் எடுத்துப்போனாள், இரண்டும் உண்மை என்றேன். ஒருத்தி, “மகள்னா சொல்லலாமா?” என்றாள். சொல்லக் கூடாது என்றேன். ஆனால் அன்று வாளிகள் நிரம்பும்வரை நின்றார்கள். இரண்டு நாள் கழித்து நான் வயலில் இருந்தபோது மலிட்டா மண்வெட்டியோடு வந்து பக்கத்து மேட்டைக் கொத்தத் தொடங்கினாள், கூலிக்கு வந்தவள் போல. ஒரு மேட்டைக் கொத்தி முடித்தாள். பிறகு முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “காத்திருப்பு வீட்டுக்கு வரேன். பெரியவன எங்கக்கா பாத்துப்பா. நீங்கதான் கூட வந்து சமைக்கணும், பிள்ள பொறக்கற வரைக்கும். ஆனா அந்தப் போன் வரக்கூடாது” என்றாள். சரி என்றேன். “சிம்ம எடுத்து எங்கிட்ட குடுங்க. திரும்பி வந்தப்புறம் தரேன்” என்றாள். சரி என்றேன். “உங்க பொண்ணு தேடுவாளே” என்றாள். தேடட்டும் என்றேன். அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

ஆகவே ஐந்தாறு வாரம் என் எண்ணில் நான் இருக்கமாட்டேன். அது உனக்குத் தண்டனை இல்லை. கொஞ்சம் தண்டனைதான். பயப்படாதே. சித்தியைப் போட்டு வறுக்காதே, அவளுக்கே ஒன்றும் தெரியாது, அவளுக்கும் சொல்லவில்லை. உன் அறிக்கையை நிறையப் பேர் படிக்கிறார்கள் என்றாயே, அடுத்தது எழுதும்போது பாலத்தைப் பற்றி எழுது. ஆற்றைப் பற்றி, கூரை ஒழுகும் காத்திருப்பு வீட்டைப் பற்றி, சமைக்க ஆள் இல்லாததைப் பற்றி எழுது. அவை யாருடைய இரகசியமும் இல்லை. எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரிதான் உடைந்து கிடக்கின்றன. யாரிடமாவது உட்கார்ந்து பேசினால் போனை நிமிர்த்தி வை. கேட்டுவிட்டு எடு. வேண்டாம் என்று கண்ணால் சொல்கிறவளையும் கேள். எனெலெசியின் இரண்டு பிள்ளைகளும் அவள் தங்கையிடம் இருக்கிறார்கள். நீ வரும்போது அங்கே போக வேண்டும், என்னோடு இல்லை, தனியாக. என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தரமாட்டேன்.

காலுறை போட்டுக்கொண்டு தூங்கு. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, உனக்குப் பசித்தால் புத்தி ஓடாது, சின்ன வயதிலிருந்தே அப்படி. கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக்கொள்ளட்டும். உன் கையில் இருக்கிற எழுத்தையும். நீ என் மகள் என்பது மாறவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளம். ஜெபிக்கும்போது இவளுக்காகவும் ஜெபி, பெயர் சொல்லாமல்.

உன் அம்மா,
தோரிக்கா

காத்திருப்பு வீட்டிலிருந்து, செவ்வாய் மதியம்.

வந்து சேர்ந்தோம். ஆற்றில் தண்ணீர் மாட்டின் குளம்பளவுதான். கடிதத்தை ஒட்டும் முன் முழுவதையும் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். மலிட்டா அவள் பெயர் இல்லை. “எனக்குப் பிடிக்காத ஒருத்தி பேரா வைங்க” என்று அவளே கொடுத்தது. ஒரு வரியை எடுக்கச் சொன்னாள். எடுக்காவிட்டால் என்ன என்று கேட்கவில்லை. மூன்றாம் பக்கத்தில் கறுப்பாக இருப்பது அது, பின்பக்கமும் மை ஊறும்வரை அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. மற்றதை அனுப்பலாம் என்றாள். சிம்மைக் கொடுத்தேன், துணி முனையில் முடிந்துகொண்டாள். லாரிக்காரரிடம் இதைக் கொடுத்துவிட்டு, அவளுக்குக் குளிக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனேன்.